கேட்காமல் திறந்த கதவு

"ஏழு பேரையும் வேலையை விட்டு நிறுத்தப் போறேனுங்க, அம்மா. புதுசா ஆள் எடுக்கும்போது எப்படிப்பட்டவங்களாப் பார்த்து எடுக்கிறது? அதை மட்டும் சொல்லுங்க."

சென்னியப்பன் மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே கேட்டுவிட்டார். நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர். வயது அறுபதை நெருங்குகிறது. எதிரே அடுப்படியில் உட்கார்ந்திருந்த மடத்து அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டார் அம்மை.

"ஒரு தப்பும் செய்யலீங்க. அதுதான் என் வயித்தெரிச்சலே."

அம்மை அரிசி மாவைக் கலக்கிக்கொண்டே காது கொடுத்தார்.

"முட்டையை அடை வைக்கிற மிஷின்ல காத்தாடி நின்னு போச்சுங்க. உள்ளே சூடு ஏறுது. கதவைத் திறந்து விட்டிருந்தா தணிஞ்சிருக்கும். நான் ஒரு கல்யாணத்துல, மேளச் சத்தத்துல நிக்கிறேன். போன் அடிச்சது கேக்கலை. ஏழு தடிமாடுங்களும் கதவு முன்னால நின்னு எனக்கு போன் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. உள்ளே அத்தனை முட்டையும் வெந்து போச்சு."

"ஏன் திறக்கலை?"

"என்னைக் கேக்காம அந்தக் கதவைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்குன்னு புத்தி வேண்டாமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பொரிப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்."

வெறும் கையோடு தொடங்கி வளர்த்த தொழில் அது.

அம்மை தோசைக்கல்லில் மாவை ஊற்றினார். தோசைத் திருப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நான் சொல்ற வரைக்கும் திருப்பாதீங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்ப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார்.

சென்னியப்பன் காத்திருந்தார். தோசையின் ஓரம் சிவந்தது. பிறகு கறுத்தது.

"அம்மா, கருகுதுங்க!"

கல்லிலிருந்து புகை கிளம்பியது.

"அம்மா! திருப்பட்டுங்களா?"

அம்மை செடியோடு பேசிக்கொண்டிருந்தார். புகை கண்ணைக் கரித்தது. பெரிய முதலாளி, திருப்பியும் கையுமாகத் தவித்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாக அம்மை வந்தார். கரியாய்ப் போன தோசையைப் பார்த்தார்.

"நீங்க நல்ல ஆளு. சொன்ன சொல் தட்டலை" என்று பாராட்டி, அதை அப்படியே இலையில் வைத்து அவர் முன்னால் தள்ளினார்.

முதலாளிக்கு அந்தப் பாராட்டு இனிக்கவில்லை.

கல்லைச் சுரண்டி, அடுத்த தோசையை ஊற்றினார் அம்மை.

"நான் சொல்ற வரைக்கும் திருப்பாதீங்க."

மறுபடியும் வெளியே போனார்.

இந்தத் தடவை சென்னியப்பன் கூப்பிடவில்லை. ஓரம் சிவந்ததும் ஒரே போடாகத் திருப்பிப் போட்டார். பொன்னிறமாக வந்திருந்தது. இத்தனை வயசுக்கு அவர் சுட்ட முதல் தோசை. மார்பு லேசாக நிமிர்ந்தது.

அம்மை உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரைக் கேட்டுத் திருப்பினீங்க?"

"கருகியிருக்குமுங்களே..."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க."

"அப்ப எழுந்து வெளியே போங்க. சொன்ன பேச்சுக் கேக்காதவங்களுக்கு இங்கே இடம் இல்லை."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இது அநியாயம் இல்லீங்களா? தோசையைக் காப்பாத்தினவனைப் போய் யாராச்சும் வெளியே..."

வாய் அப்படியே நின்றது.

கையிலிருந்த திருப்பியைக் கீழே வைத்தார்.

"நீங்க அப்படி வெளியே அனுப்பினவங்க பேரு என்ன?" என்று மெல்லக் கேட்டார் அம்மை.

"பூவாத்தாளுங்க."

போன வருஷம் இதே மாதிரி காற்றாடி நின்றபோது, யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டவள் அவள். அத்தனை முட்டையும் பிழைத்தது. மறுநாளே ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, எல்லார் முன்னாலும் அவளை வேலையை விட்டு நிறுத்தினார் சென்னியப்பன். சட்டம் என்றால் சட்டம் என்றார். அந்த வரிசையில் நின்று பார்த்தவர்கள்தான் இந்த ஏழு பேரும்.

சென்னியப்பன் எழுந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பல நாளாய் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்ட சந்தோஷமும் கூடவே வந்தது.

"தோசை?" என்றார் அம்மை.

பொன்னிறத் தோசையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, தின்றுகொண்டே மலையிறங்கினார்.

பூவாத்தாள் வீட்டு வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"பூவாத்தா, வேலைக்கு வந்துரு."

"நிறுத்துனது எல்லார் முன்னாலயுமுங்க" என்றாள். "கூப்புடறதும் அங்கேயே வந்து கூப்புடுங்க."

மறுநாள் காலையில் பொரிப்பக வாசலில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். வேலை போகப் போகிறது என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பூவாத்தாள் கேட்டைத் தாண்டி நடந்து வந்தாள். முதலாளியே எதிரே போய் அவளை அழைத்து வந்து நடுவில் நிறுத்தினார்.

"அன்னைக்கு இவ செஞ்சது சரி. நான் செஞ்சது தப்பு" என்றார் உரக்க. "இனிமே இங்கே இவதான் மேனேஜர். உங்களுக்கு வேலை கத்துக் குடுக்கப் போறதும் இவதான். யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

ஏழு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பூவாத்தாள் மட்டும் அசையவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இப்பவே சொல்லிப்போடறனுங்க. சூடு ஏறுச்சுன்னா, உங்களைக் கேக்காமத்தான் அந்தக் கதவைத் திறப்பேன்."

"கேட்டீன்னா, அன்னைக்கே உன்னை நிறுத்திப்போடுவேன்" என்றார் சென்னியப்பன்.