பன்னிரண்டு பயங்கள்

“டீச்சர், என் கதைக்கு யாருமே பயப்பட மாட்டேங்காவ” என்றார் ஆவுடையப்பன்.

செங்கமலம் மாடியில் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“பயப்படலேன்னா என்ன ஆயிரும்?”

“எந்திச்சுப் போயிருவாவ.”

அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுக்கு முப்பத்துநாலு. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துவது அவள் வேலை. ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மேசைக் கதையாட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

ஆட்டம் பெரிய வித்தை இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் வழிப்போக்கனாக, வீரனாக, திருடனாக நடமாடுவார்கள். கதை நடத்துகிறவர் மட்டும் கதைக்குள் போவதில்லை. வெளியே உட்கார்ந்து வழி சொல்வதோடு சரி.

அடுத்து என்ன வரும் என்று தெரியாத இடத்தில் பகடையை உருட்டுவார்கள். எந்த எண்ணுக்கு என்ன வரும் என்று நடத்துகிறவர் முன்கூட்டியே ஓர் அட்டவணை எழுதி வைத்திருப்பார்.

ஆவுடையப்பனின் வீட்டில் எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஆட்டம் நடந்தது. வருவது நாலு பேர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஞானசிகாமணி, தையல் கடை பாத்திமுத்து, பிறகு லாரி செட்டில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர்.

போன ஞாயிறு தலையில்லாத காவலன் வந்தபோது ஞானசிகாமணி பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். பாத்திமுத்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் கொட்டாவி விட, அண்ணனுக்கும் அது தொற்றிக்கொண்டது.

கிளம்பும்போது ஞானசிகாமணி தோளில் தட்டி, “கதை நல்லாத்தான் இருக்கு வே” என்றார். நல்லாத்தான் என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியும். இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்போம் என்று அண்ணன் தம்பியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்னும் ஒரு ஞாயிறு. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் மற்ற ஆறு நாளைப் போல ஆகிவிடும். அந்த ஆறு நாளும் வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அது நிற்கும்போது அவர் எழுந்து போய் அதன் கதவைத் திறந்து பார்ப்பார். பயம்தான், வேறென்ன.

இதில் பாதியை அவளிடம் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை.

“அட்டவணையக் காட்டுங்க அண்ணாச்சி” என்றாள் செங்கமலம்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்த தாள். மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வரி, பன்னிரண்டு பயங்கரம்.

கண்ணில்லாத யானை. எலும்பால் செய்த தேர். ஆளை விழுங்கும் சகதி. தலையில்லாத காவலன். அவள் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனாள். ஏழாவது வரியில் அவளுக்கும் கொட்டாவி வந்தது. மறைக்கக்கூட இல்லை.

முதல் வரிக்கு வந்ததும் நின்றாள். அதை மறுபடி படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை.

“இத எப்ப எழுதுனிய?”

“அதத்தான் மொதல்ல எழுதினேன். அதான் ஒன்னாம் நம்பர்.”

“என்னிக்காவது வந்துருக்கா?”

“இல்ல டீச்சர். ஒருநாளும் வந்ததில்ல.”

எதை வைத்து உருட்டுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் இன்னொரு பையிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். பழைய லூடோ பெட்டியில் இருந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம்.

உருட்டச் சொன்னாள். ஐந்து விழுந்தது. மறுபடி உருட்டினார். ஒன்பது.

“இப்ப ஒன்னு போடுங்க.”

ஆவுடையப்பன் பகடைகளைக் கைக்குள் வைத்துக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றுவிட்டது.

“முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டரா இருந்திருக்கிய” என்றாள் அவள். “ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டே கணக்குப் பாத்த ஆளு. ரெண்டு பகடையக் கூட்டினா ரெண்டுக்குக் கீழ வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவர் பகடைகளைத் திரும்பச் சுவரில் வைத்தார். காது இரண்டும் சுட்டது.

தெரியாமல் நடந்துவிட்டது என்றார் கடைசியில். அந்த வரியை அடித்துவிட்டு இரண்டிலிருந்து தொடங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவள் உள்ளே போய் ஒரு பென்சில் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அடிங்க.”

பென்சிலை முதல் வரிமேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே நின்றார். கோடு விழவில்லை.

செங்கமலம் பென்சிலை வாங்கிக்கொண்டாள். அவருடைய இரண்டு பகடைகளையும் எடுத்துத் துணிக் கிளிப் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பதிலுக்கு ஒரே ஒரு பகடையைக் கையில் வைத்தாள். சிவப்பு நிறம், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது, பன்னிரண்டு முகம். அதில் ஒன்று என்ற எண்ணும் இருந்தது.

“சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க. சேந்து கதை தயார் பண்ணுவோம்.”

அந்த நாலு நாளும் பகடை அவர் வீட்டு டிவி மேல் கிடந்தது. ஒரு தடவைகூட அவர் அதை உருட்டவில்லை. குடித்துவிட்டு வந்து கத்தியைக் காட்டிய ஆளைக் கழுத்தைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இறக்கியவர்தான். இப்போது ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தாண்டிப் போக மனசில்லை. வியாழக்கிழமை அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை டம்ளரைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு அவள் வீட்டு மாடிப்படி ஏறினார்.

கதவு திறந்திருந்தது.

“டீச்சர்” என்றார்.

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. மேசையில் ஒரு கிளாஸ் டீ, ஆவி போய்க்கொண்டிருந்தது.

“டீச்சர், நான்தான்.”

பதில் இல்லை.

மூன்றாவது தடவை கூப்பிட வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. படிக்கட்டின் கம்பியைப் பிடித்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலே எட்டு வைத்தால் போதும். அவரால் வைக்க முடியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நின்றார். அன்றைக்கும் சாயங்காலம் நாலு மணி. டூட்டி முடிந்து வந்து வாசலில் நின்று, வழக்கம்போல “ஏளா” என்று மனைவியைக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கும்வரை வாசலிலேயே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கே தெரியாது.

முன்னமே போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதை ஆவுடையப்பன் நம்பவும் நம்பினார். நம்பியும் பயம் போகவில்லை.

இப்போதும் அவர் உள்ளே போகவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து செங்கமலம் எழுந்து வந்தாள்.

“எங்க போயிருந்திய?” என்றார் அவர்.

“இங்கனதான் இருந்தேன்.”

“கூப்பிட்டேனே.”

“கேட்டுச்சு.”

அவருக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். அவள் உள்ளங்கையை விரித்தாள். அதே மாதிரி இன்னொரு சிவப்புப் பகடை. மேல் முகத்தில் ஒன்று.

“மூணரைக்கு உருட்டினேன்” என்றாள். “இதான் வந்துச்சு. உங்க அட்டவணையில போட்டிருக்கபடி செஞ்சேன்.”

அவர் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன தடவ கூப்பிட்டிய?”

“ரெண்டு.”

“மூணாவது?”

“வாயில வரல.”

“ஏன்?”

“மூணாவதுக்கும் பதில் வரலன்னா…” அவள் உள்ளே போனாள். டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கிளாஸை வாங்கிக்கொள்ளும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

“நாளைக்குப் பகடை உங்க கையில இருக்கக் கூடாது. அவங்க கையில குடுத்துருங்க.”

கதை தயார் பண்ணவே இல்லையே என்றார் அவர். அவள் அதற்குள் கதவைச் சாத்தியிருந்தாள்.

ஞாயிறு மதியம் நாலு பேரும் வந்தார்கள். ஞானசிகாமணி பேப்பரோடு வந்தார். பாத்திமுத்துவின் மடியில் ஒரு பாவாடை இருந்தது, அடி மடிக்க வேண்டியது. ஆவுடையப்பன் டம்ளரை எடுத்துவிட்டு, பகடையை மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தார். இனி நீங்களே உருட்டுங்கள் என்றார்.

வழிப்போக்கர்கள் பாழடைந்த ஓர் ஊருக்குள் நுழைந்தார்கள். தம்பிக்காரன் உருட்டினான். பகடை உருண்டுகொண்டிருக்கும்போது ஆவுடையப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எட்டு. கண்ணில்லாத யானை. அவருக்கு மூச்சு திரும்பியது.

அண்ணன் உருட்டினான். பதினொன்று. மறுபடி மூச்சு திரும்பியது.

மூன்றாவது உருட்டலின்போது பாத்திமுத்து ஊசியை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, உருட்டுங்கள் என்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

ஞானசிகாமணி பேப்பரை மடித்துக் காலடியில் போட்டார்.

நாலாவது, ஐந்தாவது உருட்டலுக்குள் மேசையில் பேச்சு நின்றுவிட்டது. யானைக்கும் தேருக்கும் யாரும் பயப்படவில்லை. அவர் எதற்கோ பயப்படுகிறார் என்பது தெரிந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. தம்பிக்காரன் நாற்காலியை அண்ணன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் பகடை நிற்கும்வரை ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள்.

ஆறாவதைப் பாத்திமுத்து உருட்டினாள். பகடை மேசை ஓரம்வரை போய், ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ஆவுடையப்பன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, மற்றவர்கள் அவரைப் பார்த்ததே போதும்.

“ஒன்னு” என்றார் ஞானசிகாமணி.

ஆவுடையப்பன் தாளை எடுக்காமலே சொன்னார். அந்த வரி அவருக்கு மனப்பாடம்.

“ஒரு வீட்டு வாசல்ல நிக்கிய. கதவு திறந்திருக்கு. கூப்பிடுதிய. பதில் இல்ல.”

பிரிட்ஜ் ஓடி நின்றது.

கதை நடத்துகிறவர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். இன்றைக்கு அதை மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ன செய்யுதிய?”

திரும்பிப் போய்விடலாம் என்று அண்ணன்காரன் மெதுவாகச் சொன்னான். சொன்னவனே நாற்காலியை விட்டு அசையவில்லை. மற்றவர்களும் அசையவில்லை.

பாத்திமுத்து பாவாடையை மேசையில் வைத்தாள்.

“நான் இன்னொரு தடவ கூப்பிடுதேன்” என்றாள். “உள்ள இருக்கவுக பேரு என்ன அண்ணாச்சி?”

பேரை அட்டவணையில் எழுதியிருக்கவில்லை. நாலு வருஷமாக இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதும் இல்லை.

“காந்திமதி” என்றார் ஆவுடையப்பன்.

பாத்திமுத்து கூப்பிட்டாள். சத்தமாகத்தான் கூப்பிட்டாள். ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

பிறகு ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“பதில் வராட்டா என்ன, உள்ள போவோம்” என்றார். ஆவுடையப்பனின் கையைப் பிடித்தார்.

“வாரும். நீரும்தான் வே.”