நாதஸ்வரம் நின்ற பிறகு

இந்தக் கதையில் மாட்டிக்கொண்டவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. நான் போட்டுக்கொடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்த்தவர்களிடமெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

அப்போது எங்கள் வானொலி நிலையத்தில் எஃப்.எம். புதிது. அதுவரை நாங்கள் எல்லாரும் மத்திய அலையிலேயே குப்பை கொட்டியவர்கள். புது டிரான்ஸ்மிட்டர் வந்து இறங்கியதும், அதைச் சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து பிலோமினா என்று ஓர் எஞ்சினியரை அனுப்பினார்கள். வயது முப்பத்தொன்பது. ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான குரல். அவர் முன்னால் மாணவராக உட்கார்ந்த அண்ணாச்சிக்கு ஐம்பத்து மூன்று.

அண்ணாச்சியின் காதுதான் எங்கள் நிலையத்துக்கு மீட்டர். ரேடியோ செட்டில் காதை வைத்து ஒரு நிமிஷம் கேட்பார். கோளாறு இன்ன இடத்தில் என்பார். கழற்றிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். இருபத்தாறு வருஷமாக ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

முதல் நாள் வகுப்பிலேயே அவர் கேட்டார், இடி இடித்தாலும் மின்னல் வெட்டினாலும் இதில் கரகரப்பே வராதாமே, அது எப்படி என்று.

பிலோமினா மேடம் போர்டுப் பக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நடந்த கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் இரைச்சலைக் குறைக்க எல்லாரும் அலைக்குக் கொடுக்கும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே போனார்களாம். கதவைச் சாத்தினால் தூசி வராது என்கிற கணக்கு. அகலமாக்கினால் இரைச்சல்தான் கூடும் என்று பெரிய பெரிய கணிதப் புலிகள் எழுதியே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மனிதர் மட்டும் அகலமாக்கிப் பார்த்தார். இரைச்சல் போய்த் தொற்றிக்கொள்வது அலையின் உயரத்தில். ஆகவே அவர் பேச்சையும் பாட்டையும் உயரத்தில் ஏற்றவில்லை. அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதில் ஏற்றினார். வாங்குகிற செட்டில் அலையின் தலையைச் சீவி எறிந்தார். இரைச்சலும் அதோடு போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் நியூயார்க்கில் எஞ்சினியர்கள் கூடிய சபையில் அதைக் காட்டினார்கள். செட்டின் முள்ளைத் திருப்பத் திருப்ப ஹோ என்று ஒரே இரைச்சல். புது நிலையம் இருக்கும் இடத்துக்கு முள் வந்ததும் துளி சத்தம் இல்லை. யாரோ செட்டை அணைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. அப்புறம்தான் பேச்சு வந்தது. அந்தப் பக்கம் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள். இந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தமாகவே கேட்டது. சபை வாயடைத்துப் போயிற்றாம்.

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். அத்தனை படித்தவன்களும் செட் செத்துப்போச்சு என்றல்லவா நினைத்திருப்பான்கள் என்றார். பிறகு, எந்த அலையாக இருந்தால் என்ன, நமக்குக் காது போதும் என்று முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கக் கோபுரம் ஏறுகிற மாசிலாமணியைக் கூப்பிட்டோம். அடுத்த வாரம் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு வழக்கம் உண்டு. டிரான்ஸ்மிட்டரை அணைத்த பிறகு உள்ளே இருப்பவர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். சீட்டு கைக்கு வந்தால்தான் ஆள் ஏறலாம். பதினோரு மணிக்கு அணைக்கும்படி அண்ணாச்சி சொல்லியிருந்தார். அவர் கையில் ஒரு சின்ன எஃப்.எம். செட் இருந்தது. சோதனைக்காக ஓடிய நாதஸ்வர டேப் அதில் கேட்டுக்கொண்டிருந்தது. பதினோரு மணி அடிக்கிற நேரத்தில் நாதஸ்வரம் நின்றது.

அண்ணாச்சி செட்டைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். எங்கள் மத்திய அலை டிரான்ஸ்மிட்டரில், பாட்டு நின்றாலும் அது ஓடுகிறவரைக்கும் அடியில் ங் என்று ஒரு ரீங்காரம் இருக்கும். அது இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் அணைந்துவிட்டது. அவர் இருபத்தாறு வருஷம் அதை வைத்துத்தான் ஆட்களை ஏற்றியிருக்கிறார். இப்போது ரீங்காரம் என்ன, மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அணைச்சாச்சு, ஏறு என்றார்.

மாசிலாமணி சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. அண்ணாச்சி சொன்ன பிறகு சீட்டு எதற்கு. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

உள்ளே டேப் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஏதோ ஓர் அளவு எடுக்க வேண்டும் என்று மேடம் டிரான்ஸ்மிட்டரை இன்னும் பத்து நிமிஷம் முழுச் சக்தியில் ஓடவிட்டிருந்தார். தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பியவர், கோபுரத்தில் ஆள் ஏறுவதைப் பார்த்தார். உச்சியில் போய் அந்த ஆன்டெனாவில் கை வைத்தால் எலும்புவரை வெந்துவிடும். மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஸ்விட்சைத் தட்டி அணைத்தார்.

வெளியே அண்ணாச்சி கையில் இருந்த செட் ஹோ என்று அலறியது.

அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். அவர் கணக்குப்படி, சத்தம் வந்தால் டிரான்ஸ்மிட்டருக்கு உயிர் வந்துவிட்டது. மேலே ஆள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எஃப்.எம்.மில் உச்சியில் இருக்கிற ஆன்டெனாவில்தான் ஆபத்து; மத்திய அலையில் கோபுரம் முழுவதுமே மின்சாரம்தான். ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் கோபுரத்திலும் வைத்தவன் அந்த இடத்திலேயே கருகிப்போவான். அதனால் அதிலிருந்து இறங்குகிறவன் காலை ஊன்றி இறங்கமாட்டான், குதித்துவிடுவான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது அது. அண்ணாச்சியின் வாயில் அதுதான் வந்தது.

"மாசிலாமணி, குதிச்சிருலே."

மாசிலாமணி அப்போது நாற்பது அடி உயரத்தில் இருந்தான். கீழே கருங்கல் ஜல்லி.

அவன் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக அண்ணாச்சி ஏறு என்றால் ஏறியவன், இறங்கு என்றால் இறங்கியவன். இடுப்பு பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினான். ஒரு காலைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் மேடம் வெளியே ஓடிவந்தார். காலில் செருப்பு இல்லை. மேலே பார்த்தார். அந்த ஒல்லிக் குரல் நாற்பது அடிக்கு எட்டாது, அதுவும் இந்தக் காற்றில், இந்த இரைச்சலில். அவர் கூப்பிடவே இல்லை. நேராகக் கோபுரத்திடம் போனார். வெறுங்காலோடு தரையில் நின்றபடியே அதன் இரும்புக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஐயோ, போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. மேடம் இரும்பில் கன்னத்தை வைத்தபடி தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மாசிலாமணி கீழே பார்த்தான். தரையில் நின்றுகொண்டு கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண், உயிரோடு தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. எடுத்த காலை மெதுவாகத் திரும்பக் கம்பியில் வைத்தான். கொக்கியை மாட்டினான்.

அவன் இறங்கி வரும்வரை மேடம் பிடியை விடவில்லை. தரைக்கு வந்ததும் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கொண்டுவந்து கொடுத்தேன்.

செட் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. மேடம் அதை அண்ணாச்சியிடமிருந்து வாங்கி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஜன்னலில் நின்ற ஆபரேட்டருக்குக் கை காட்டினார். டிரான்ஸ்மிட்டர் ஓடத் தொடங்கியது. செட் கப்பென்று வாயை மூடிக்கொண்டது. மறுபடி கை காட்டினார். டிரான்ஸ்மிட்டர் நின்றது. செட் அலறியது. இப்படி மூன்று தடவை. ஓடும்போது மௌனம், நின்றால் கூச்சல். அண்ணாச்சி ஜன்னலையும் செட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் தடவை அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தடவ கொல்லப் பாத்தேன், மேடம். ஏறுன்னு சொல்லி ஒரு தடவ. குதின்னு சொல்லி ஒரு தடவ."

மேடம் சேலையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இனி ஒருத்தனையும் ஏறச் சொல்லமாட்டேன். இருபத்தாறு வருஷம் இந்தக் காதை நம்பினேன். அது என்னை ஏமாத்திட்டுது, மேடம்."

"நாதஸ்வரம் நின்ன பிறகு உங்க காதுல என்ன சார் கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணும் கேக்கலன்னு காது சரியாத்தானே சொல்லியிருக்கு. அணைச்சாச்சுன்னு சொன்னது யாரு சார்?"