வெங்காயக் கலரில் ஒரு மீட்டர்

ஆற்றங்கரை மடத்துச் சாமியை விட லிங்கதுரை பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

“புதுசா ஒரு தொழில் சொல்லுங்க சாமி. வாடகை பாக்கியைக் கட்டலேன்னா தை பிறந்ததும் கடையைக் காலி பண்ணணும்னுட்டாரு கட்டட ஓனர். அதுக்குள்ள வியாபாரத்தை நிமித்திக் காட்டணும். இல்லேன்னா இந்த வயசுல நான் எவன் கடையில போய் வேலைக்கு நிக்க?”

“இப்ப என்ன விக்கீங்க அண்ணாச்சி?”

“ஜூஸ்.”

“அதுக்கு முன்னாடி?”

“செல்போன் கவர். அதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் சாமான்.” சொல்லச் சொல்ல லிங்கதுரைக்கே சகிக்கவில்லை. “அதுக்கும் முன்னாடி அக்கா இருந்தா. ஜாக்கெட் துணிக்கடை.”

“நாளைக்குக் கடைக்கு வாரேன்” என்றார் சாமி.

மறுநாள் காலையிலேயே வந்து மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மற்ற கடைக்காரர்கள் ஈ ஓட்டுவது பேச்சுக்குத்தான். ஜூஸ் கடையில் லிங்கதுரை நிஜமாகவே ஓட்டினார். மதியம் வரை ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் வழி கேட்டார்கள். ஒருவர் சில்லறை கேட்டார். ஒருவர் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு இனிப்பு போதாது என்றார். பாவம், ஒவ்வொருவருக்கும் லிங்கதுரை எழுந்து நின்று சிரித்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஐந்தாவதாக வந்த பெண் பையிலிருந்து ஒரு கைத்தறிப் புடவையை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“இந்த வெங்காயக் கலருக்கு ஜாக்கெட் துணி இருக்கா அண்ணாச்சி? ஊரெல்லாம் அலைஞ்சிட்டேன். பூங்கனி அக்கா கடையிலதான் கிடைக்கும்னு சொன்னாங்க.”

“இல்லம்மா. அக்கா தவறி நாலு வருஷம் ஆச்சு.”

“அடக்கடவுளே. எனக்குத் தெரியாதே.”

அவள் புடவையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாமி மேலே பார்த்தார். மிக்ஸிக்கு மேலே கூரை வரை நான்கு தட்டுகள். அத்தனையிலும் ஜாக்கெட் துணிகள், நிறம் நிறமாக அடுக்கி, பாலித்தீன் உறை போட்டு. ஒரு பொட்டுத் தூசி இல்லை. கடையில் வேறெதுவும் அவ்வளவு சுத்தமாக இல்லை.

“வெங்காயக் கலர் மூணாவது தட்டுல இருக்கே அண்ணாச்சி.”

“ஆமா சாமி.”

“எனக்கு அதுல ஒரு மீட்டர் வெட்டுங்க.”

லிங்கதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எதுக்கு சாமி?”

“வாங்க வந்தவன்கிட்ட எதுக்குன்னு கேட்கலாமா? வெட்டுங்க.”

லிங்கதுரை ஏணி போட்டு ஏறினார். துணியை இறக்கினார். அளந்தார். கத்தரிக்கோலை எடுத்து விரித்தார். அப்புறம் கை நகரவில்லை.

“அக்கா கையால அடுக்குனது சாமி. நிறம் பார்த்து நிறம் பார்த்து அவளே மதுரைக்குப் போய் எடுத்துட்டு வருவா. என்னை வளர்த்தவ. இது வித்துத் தீந்துட்டா அவ நிஜமாவே போயிருவா.”

லிங்கதுரை மறு கையால் துணியை நீவினார்.

“பிளாஸ்டிக் வித்தேன். கவர் வித்தேன். இப்ப பழம் பிழியுதேன். எல்லாம் எதுக்கு? இதை விக்காம இருக்கத்தான் சாமி.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது. கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அப்போ உங்க கடை நொடிக்கல அண்ணாச்சி. நீங்க நினைச்சதுதான் நடந்திருக்கு.”