நகக்கண்ணில் வெள்ளை மண்

கடலைப் பார்த்துச் செங்குத்தாக நின்றது அந்தச் சுண்ணாம்புக் குன்று. உச்சியில் ஆடு மேய்ந்து குட்டையாகிப்போன புல்வெளி. அதன் ஓரத்தில் அம்மையின் குடில்.

அறவாழி அறுபது வயதில் அம்மைக்குச் சீடரானார். அம்மை அவரைவிட இளையவள். வந்த முதல் மழையில் அவர் புல்வெளியெங்கும் நாற்பது புங்கங்கன்றுகள் நட்டார். விளிம்பருகே நட்ட ஒன்று, இறந்துபோன தன் மகளின் நினைவாக.

நாளுக்கு ஒன்றிரண்டாகக் கன்றுகள் காணாமல் போயின.

"ஆடு மேய்ந்தால் இலைதான் போகும். இது வேரோடு போயிருக்கிறது. ஆட்டுக்காரி பூவாயியின் வேலை," என்றார் அறவாழி. "ஆடு மேய்க்க இடம் போகிறதே என்று பிடுங்குகிறாள். இனி அவள் இங்கே ஏறக்கூடாது என்று சொல்லுங்கள், அம்மா."

"பார்த்தீர்களா?"

"முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே."

அன்றிலிருந்து அவர் ஆட்டுக்காரியின் பின்னாலேயே நடந்தார். ஒரு மாதம் கழித்து அவளை மறித்தார்.

"கையைக் காட்டு."

"ரேகை பாக்கப் போறீங்களா சாமி? ஆட்டுப் புழுக்கை நாறும், பரவாயில்லையா?"

நகக்கண்ணில் வெள்ளை மண் இல்லை. கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் அம்மை கஞ்சிக் கலயத்தை நீட்டினாள். அவள் நகக்கண்களெல்லாம் வெள்ளை மண்.

கலயம் அவர் கையில் அப்படியே இருந்தது.

"நீங்களா?"

"நான்தான்."

"ஏன் மறைத்தீர்கள்?"

"மறைக்கவில்லையே. பகலில்தான் எடுத்தேன். நீங்கள் பூவாயியின் பின்னால் போயிருந்தீர்கள்."

"எப்படி மனம் வந்தது?"

அம்மை அவரைப் புல்லில் உட்காரவைத்தாள். "ஒரு சாண் இடத்தில் என்னென்ன இருக்கிறது, எண்ணுங்கள்."

அவர் குனிந்தார். நூல்போன்ற தண்டில் மஞ்சள் பூ. தரையோடு ஒட்டிய ஊதாப் பூ. நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சி. இருபதுக்குமேல் எண்ணிக்கை தவறியது.

சரிவில் ஒரு பெரிய புங்கமரம் நின்றது. அதன் கீழே எண்ணச் சொன்னாள். சருகு மட்டுமே கிடந்தது.

"இதை யார் நட்டது?"

"நான்," என்றாள் அம்மை. "வந்த முதல் மழையில்."

இருவரும் விளிம்புவரை நடந்தார்கள். அங்கே ஒரே ஒரு கன்று கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதை மட்டும் ஏன் விட்டீர்கள்?"

"மனம் வரவில்லை."

அறவாழி முழந்தாளிட்டு, கன்றைச் சுற்றி விரல்களால் மண்ணைக் கிளறினார்.

"வேர் அறாமல் எடுங்கள்," என்றாள் அம்மை. "கீழே ஊரில் நட்ட மற்றவை துளிர்த்துவிட்டன. பூவாயி வீட்டு வாசலில்தான் இன்னும் நிழலுக்கு ஒரு கன்று இல்லை."