பதினொரு காலி நாற்காலி

மிருதங்க டீச்சர் பொற்கொடிக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சிஷ்யர் ஆதிமூலத்துக்கு அறுபத்து இரண்டு. திருச்சி உறையூரில் ஒரு மாடி வீட்டில் டீச்சர் குடியிருந்தார். திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு ஆதிமூலம் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் படியேறி வருவார்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மிருதங்கம் கற்றுக்கொள்ள வந்துவிட்டார். விரல்கள் அவ்வளவு சுலபத்தில் வளைந்து கொடுக்கவில்லை. வாய்க்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. எங்கே அநியாயம் நடந்தாலும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கச்சேரியில் தனி நடக்கிற நேரம் கேன்டீனைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சபா செயலாளருக்கு இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மிருதங்கக்காரருக்கென்று கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். பெரிய கிருதியை முடித்துவிட்டுப் பாடகர் கையைக் காட்டுவார். பிறகு பாட்டும் பிடிலும் ஓய்ந்திருக்க, மிருதங்கம் மட்டும் பேசும். அதுதான் தனி. அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஜனங்களுக்குக் காப்பி ஞாபகம் வரும். பாதி அரங்கம் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போகும். நானும் பல ஊரில் பார்த்துவிட்டேன், இந்த ஒரு விஷயத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

அந்தத் திங்கட்கிழமை ஆதிமூலம் கையில் நான்கு முழுத்தாள்களோடு வந்தார். முந்தைய சனிக்கிழமை தான் வாசித்த கச்சேரியைப் பற்றி டீச்சர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். டீச்சரோ துணியை வைத்து மிருதங்கத்தின் வார்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பாடம் வேண்டாம் டீச்சர். இதைக் கேளுங்க. நீங்க சரின்னு சொன்னா மத்தியானத் தபால்ல போட்டுடுவேன்."

இசைப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் கேட்டிருந்தது. நீங்கள் நேரில் கேட்ட முதல் கச்சேரி எது, மிகச் சிறந்தது எது, படுமோசமானது எது. முதல் இரண்டையும் ஆதிமூலம் ஆவணியிலேயே எழுதி முடித்துவிட்டார். மூன்றாவதை எழுத மனம் வரவில்லை. ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடுவானேன் என்று நினைத்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

"படிங்க" என்றார் டீச்சர்.

முதல் கச்சேரி பொன்மலை ரயில்வே காலனியில். பிள்ளையார் சதுர்த்திப் பந்தல். ஏழு வயதுப் பையன் மணலில் படுத்துத் தூங்கிவிட்டான். நடுவில் மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் திடுக்கிட்டு எழுந்து, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அழுதிருக்கிறான். டீச்சர் சிரித்துவிட்டார்.

சிறந்த கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தகரக் கூரை, கொட்டுகிற மழை, மைக் செத்துப்போய்விட்டது. பாடகர் எல்லோரையும் கிட்டே வரச் சொன்னார். தொண்ணூறு பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். இடம் கிடைக்காதவர்கள் மேடைப் படியிலேயே உட்கார்ந்தார்கள். ஆதிமூலம் மிருதங்கத்துக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கே இதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாராம். முடிவுக்கும் முதல் பாடத்துக்கும் நடுவில் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

"யார் மிருதங்கம்?" என்று கேட்டார் டீச்சர்.

ஆதிமூலம் தாளைத் தாழ்த்தினார். "பேர் தெரியலை டீச்சர். யாரும் சொல்லலை."

"ம். மேல படிங்க."

மூன்றாவது பகுதி வந்ததும் ஆதிமூலத்தின் குரல் ஏறியது. சனிக்கிழமை நடந்ததை அவர் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். நடந்தது இதுதான்.

பாடகர் கேசவராமன் வெளியூரிலிருந்து வந்திருந்தார். அவர் குரலில் குறை சொல்ல முடியாது. மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வழக்கமாக வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று பொற்கொடியை மத்தியானம்தான் கூப்பிட்டிருந்தார்கள். மிருதங்கத்தோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் கேசவராமனின் முகம் சுருங்கியது. அதற்கு அப்புறம் அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. டீச்சர் அருமையாக வாசித்தார். பாட்டு எங்கே வளையும் என்று தெரிந்து, அங்கே முன்னாலேயே போய்க் காத்திருந்து வாசித்தார். பெரிய கிருதி முடிகிற இடம் வந்தது. டீச்சர் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ஒட்டியிருந்த ரவைப் பசையை ஈர விரலால் அழுத்திச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார். கேசவராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமில்லை" என்று மைக்கில் சொன்னார். பிடில்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு துக்கடா என்கிற சின்னப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். அப்புறம் முக்கால் மணி நேரம் பாடினார். எனக்கே இதை எழுதும்போது வயிறு எரிகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிஷ்யருக்கு எப்படி எரிந்திருக்கும்?

அந்த முன்வரிசை மொத்தமும் ஆதிமூலம் சேர்த்தது. டீச்சர் வாசிக்கிறார் என்று தெரிந்ததும், காலையில் தன்னோடு நடக்கிற நண்பர்கள் பத்துப் பேரை வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தார். மற்றபடி அரங்கத்தில் இருபத்தைந்து பேர் இருந்தால் அதிகம்.

ஆதிமூலம் தாளைத் திருப்பினார். முகம் சிவந்திருந்தது. நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"இந்த அக்கிரமத்தைக் கண்டும் காணாமல் உட்கார்ந்திருக்க என் மனசாட்சி இடம் தரவில்லை. நான் எழுந்தேன். என் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களும் எழுந்தார்கள். நாங்கள் கூச்சல் போடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொரு பேரும் கண்ணியமாக, வரிசையாக, அரங்கத்தைவிட்டு வெளியேறினோம். அந்த மௌனமே அந்தப் பாடகருக்கு..."

டீச்சர் எழுந்தார். துணியை மிருதங்கத்தின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆதிமூலம் படிப்பதை நிறுத்தினார். சமையலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பால் பாத்திரத்தின் சத்தம். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல இடத்தில் காப்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டார். மௌனம் என்ற சொல்லுக்கு முன்னால் 'கனத்த' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்.

டீச்சர் இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இருவரும் குடித்தார்கள். காப்பி நன்றாக இருந்தது. ஆதிமூலம் அதைச் சொல்லவும் செய்தார்.

"மீதியைப் படிக்கட்டுமா டீச்சர்?"

"நான் ஏன் பாதியில எழுந்து போனேன்?"

"காப்பி போட."

"இல்லை. நீங்க எழுதினதைக் கேக்க முடியலை. கோவத்துல எழுந்து போனேன்."

ஆதிமூலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"கோவம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒண்ணுமே சொல்லலையே. காப்பி வேற போட்டுக் கொண்டுவந்தீங்க."

"அன்னிக்கு நீங்க வெளியில போய் என்ன பண்ணீங்க?"

ஆதிமூலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க."

"கேன்டீன் பக்கம் நின்னோம்."

"நின்னீங்க. அப்புறம்?"

"காப்பி குடிச்சோம்."

"பஜ்ஜி?"

"அது பாண்டுரங்கன் வாங்கினார். எல்லாருக்குமா வாங்கிட்டார்."

சாப்பிட்டதும் அங்கிருந்தே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆதிமூலம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். யாரோடும் பேசவில்லை. அதனால் கச்சேரி முடிந்த பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. டீச்சர் அதை இப்போது சொன்னார். கோபம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். ஆதிமூலம் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

மங்களம் பாடி முடித்ததும் டீச்சர் மிருதங்கத்தை உறையில் போட்டார். நேரே மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். கேசவராமன் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். செயலாளரும் அங்கேதான் இருந்தார். எனக்கு ஏன் தனி கொடுக்கவில்லை என்று டீச்சர் முகத்துக்கு நேராகக் கேட்டார். இருபத்து இரண்டு வருடமாக வாசிக்கிறார். இப்படித் தனியை விழுங்கியவர்கள் அதற்கு முன்னாலும் உண்டு. ஒருவரிடமும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"என்ன சொன்னான் அந்த ஆளு?" என்றார் ஆதிமூலம்.

"தனி விடாதப்பவே முன்வரிசை மொத்தமும் கேன்டீனுக்குப் போயிடுச்சேம்மா, விட்டிருந்தா மங்களம் கேக்க யார் இருந்திருப்பான்னார்."

ஆதிமூலம் தாளைக் கீழே வைத்தார்.

"அது நாங்க எதிர்ப்புக் காட்டினது டீச்சர்."

"எனக்குத் தெரியும். நீங்க எழுந்தப்பவே தெரியும். அவங்ககிட்டயும் சொன்னேன்."

"நம்பலையா?"

"எதிர்ப்புக் காட்டினவங்க எங்கேன்னு செயலாளர் வெளியில எட்டிப் பார்த்தார். பஜ்ஜி சாப்பிட்ட தட்டு இருந்தது. ஆள் இல்லை. வந்து சிரிச்சார். பாடகரும் சிரிச்சார்."

கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் கத்தரிக்காய் விலையைக் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் முனை திரும்பியதும் டீச்சர் தொடர்ந்தார்.

"செயலாளர் எண்ணியே வச்சிருந்தார் சார். பதினொரு நாற்காலி. தை மாச விழாவுல முதல் நாள் எனக்குன்னு சொல்லியிருந்தார் இல்லையா? கூட்டம் நிக்க மாட்டேங்குதும்மா, வேற ஆள் பார்த்துக்கறேன்னுட்டார்."

அந்த முதல் நாளுக்கு டீச்சர் ஒன்பது வருடமாகக் காத்திருந்தார் என்பது ஆதிமூலத்துக்குத் தெரியும். செயலாளர் வாக்குக் கொடுத்த அன்று இந்த மாடியில் எல்லோருக்கும் கேசரி கொடுத்ததும் தெரியும். கேசவராமனைக் கிழித்துத் தோரணம் கட்ட எழுதிய நான்கு தாளையும் அவர் மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைத்தபோதும் கோபம்தான் வந்தது அவருக்கு.

இப்போதே சபாவுக்குப் போகிறேன் என்றார். செயலாளர் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்றார். பத்து நண்பர்களையும் கையெழுத்துப் போட வைக்கிறேன் என்றார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலி டம்ளர்கள் இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

ஆதிமூலத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்போ நான் என்னதான் பண்ணியிருக்கணும் டீச்சர்? அவன் உங்களை அப்படி அவமானப்படுத்தறான். அதைப் பார்த்துக்கிட்டு நான் எழுந்திருக்காமலே உக்காந்திருக்கணுமா?"

டீச்சர் மிருதங்கத்தின் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்தார்.

"எழுந்தது சரி சார். அங்கேயே நின்னிருக்கணும்."