குந்தித் தூக்கியவள்

பாவாத்தாளை நல்லசிவம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் பஸ் நிறுத்தத்தில் நிமிர்ந்து நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். முகம் கொடுக்க முடியாமல் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவருடைய வெங்காய மண்டியில் சுமை தூக்கியவள் அவள். மூட்டைக்கு முன்னால் குந்தி, அதை மார்போடு அணைத்து, காலை ஊன்றி எழுவாள். மற்றவர்கள் இடுப்பை வளைத்து வெடுக்கென்று தூக்குவார்கள். அதுதான் வேகம் என்பது நல்லசிவத்தின் சட்டம்.

ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டார்.

"மூட்டைக்கு மூட்டை உக்காந்து எந்திரிக்க இதென்ன உன்ற மாமியார் வீடா? நாளைக்கிருந்து குனிஞ்சு தூக்கு. இல்லீன்னா வராதே."

"சரிங்க மொதலாளி. எப்படிக் குனியறதுன்னு ஒருக்காக் காட்டிருங்க. மூட்டை வேண்டாங்க, உங்க காலடியில கெடக்கற சாவிக்கொத்தை எடுத்தாப் போதும்."

நல்லசிவம் குனியப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் முழங்காலை மடக்கி, குந்தித்தான் எடுத்தார். எழுந்தபோது சட்டை மேலேறி, டாக்டர் கொடுத்த இடுப்புப் பெல்ட் வெளியே தெரிந்தது.

"குந்தி எடுக்கச் சொல்லி டாக்டருதானுங்க சொன்னாரு?"

"ஆமா."

"எப்பங்க?"

"மூணு மாசம் இருக்கும்."

"நம்ம மண்டி மாரப்பன் குனிஞ்சு தூக்கி மூட்டையோட விழுந்தது போன மாசந்தானுங்களே," என்றாள் பாவாத்தாள்.

நல்லசிவம் சாவியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் முதல் மண்டியில் எல்லாரும் குந்தித்தான் தூக்கினார்கள்.

மாரப்பன் இன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான்.