துடியன் வைத்த நாற்பது தடம்

கருங்குன்றுக் காட்டில் துடியன் என்றொரு கீரி இருந்தான். வாய் காடு முழுக்கக் கேட்கும். வேலை என்று வந்தால் மட்டும் ஆளைக் காணோம்! வீட்டில் இரண்டு குட்டிகள் வேறு.

அந்தக் காட்டில் ஒரு பெரிய பாறை உண்டு. எந்தப் பழம் விஷம், முள் குத்தினால் எந்தத் தழையைக் கட்டுவது, கோடையில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விலங்குகள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் கரித்துண்டால் எழுதிவைக்கும். மழை வந்தால் அழிந்துபோகாதா என்று கேட்காதீர்கள். மேலே இன்னொரு பாறை குடை பிடித்து நிற்கிறது! யார் வேண்டுமானாலும் எழுதலாம், தப்பென்றால் யார் வேண்டுமானாலும் அழித்துத் திருத்தலாம். எழுதியவரும் திருத்தியவரும் செம்மண் சேற்றில் காலை நனைத்துப் பக்கத்தில் ஒரு தடம் வைக்க வேண்டும். அது மட்டும்தான் கட்டுப்பாடு.

மாதத்துக்கு ஒருநாள் காலையில் பாறையடியில் எல்லாரும் கூடுவார்கள். ஆளுக்கொரு தின்பண்டம் வரும். துடியனும் தவறாமல் வருவான். எதற்கு? தின்பதற்குத்தான்!

பங்குனிக் கூட்டத்தில் கரடி மாமா எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“இப்பல்லாம் எழுத ஆளே வர்றதில்லை. அடுத்த கூட்டத்துக்குள்ள பாறையில யாரு தடம் அதிகமோ, அவங்களுக்கு ஒரு முழுத் தேனடை!”

துடியன் துள்ளி எழுந்தான். “மாமா, சின்ன விஷயம் எழுதினாலும் தடம் உண்டா?”

“உண்டு.”

“ரொம்ப ரொம்பச் சின்ன விஷயம்?”

“தடம்னா தடம்தான் தம்பி!”

இது போதாதா? மறுநாளே துடியன் கரித்துண்டும் கையுமாக வந்துவிட்டான். ‘யானைக்கு முன்னால் இரண்டு கால்.’ ஒரு தடம்! ‘யானைக்குப் பின்னால் இரண்டு கால்.’ இன்னொரு தடம்! ‘யானைக்கு நடுவில் கால் இல்லை.’ அதற்கும் ஒன்று! அடுத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டான். ‘தண்ணீர் ஈரமானது.’ ‘தண்ணீரைக் குடிக்கலாம்.’ ‘குடித்தால் தாகம் தீரும்.’ அடேயப்பா, என்ன அறிவு!

பத்தே நாளில் பாறையில் இடமில்லாமல் போயிற்று. கைக்கு எட்டும் மூலையில் ஒரு பழைய வரி இருந்தது. பக்கத்தில் காய்ந்துபோன மூன்று தடங்கள். படித்துப் பார்த்தானா? அதற்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம்! வாலால் ஒரே துடைப்பு. அந்த இடத்தில் ‘தவளை பச்சை. சில தவளை பச்சை இல்லை’ என்று எழுதி, நாற்பதாவது தடத்தையும் வைத்தான்.

சித்திரைக் கூட்டத்தில் தேனடை அவனுக்கே கிடைத்தது. யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவனும் குட்டிகளுமாக மெழுகைக்கூட விடாமல் நக்கித் தீர்த்தார்கள்.

இனிப்பு உள்ளே போனால் சும்மா இருக்குமா? தாகம் பிடித்துக்கொண்டது. குளத்துக்கு ஓடினான். குளம் வெடித்துக் கிடந்தது!

“அப்பா, தண்ணி!” என்றது மூத்தது. சின்னது அதைக்கூடச் சொல்லவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது.

துடியன் ஒரே ஓட்டமாகப் பாறைக்குப் போய்த் தண்ணீர் என்ற சொல்லைத் தேடினான். கிடைத்தது! ‘தண்ணீர் ஈரமானது. தண்ணீரைக் குடிக்கலாம். குடித்தால் தாகம் தீரும்.’

“அட பாவி! எங்கே இருக்குன்னு எழுதலையேடா!” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் மூலையில் அந்த மூன்று தடங்கள் கண்ணில் பட்டன. கரி அழிந்திருந்தது, செம்மண் அழியவில்லை. ஒன்று நண்டக்காவுடையது, ஒன்று கௌதாரியுடையது, ஒன்று காட்டுப்பன்றி அண்ணனுடையது. நண்டு எழுதியது என்றால் தண்ணீரைப் பற்றித்தானே இருக்கும்! நேரே நண்டு வளைக்கு ஓடினான்.

“அக்கா, மூலையில நீங்க என்ன எழுதியிருந்தீங்க? நான்தான் அழிச்சுட்டேன். குட்டிங்க சாகக் கிடக்குதுக்கா!”

நண்டக்கா முறைத்தாள். ஆனாலும் சொன்னாள். “ஓடை மணலுக்கு அடியில ஊத்து இருக்குன்னு எழுதினேன். எந்த இடம்னு கேட்காதே. மண்ணுக்குள்ள கிடக்கிறவளுக்குக் கரை எங்கே தெரியும்? அதைக் கௌதாரிதான் சேர்த்தா.”

கௌதாரியிடம் ஓடினான். “சாய்ஞ்ச மருதமரத்து வளைவு. அங்கதான் காலையில மணல் சில்லுனு இருக்கும்” என்றது அது.

துடியன் அங்கே போய்த் தோண்டினான், தோண்டினான், நகம் தேயத் தோண்டினான். இரண்டு முழத்தில் டங்கென்று தட்டியது. ஒரே கட்டிக் களிமண், ஒரு பொட்டு ஈரமில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

காட்டுப்பன்றி அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். “ஏன் தம்பி அழறே? தண்ணீர் ஈரமானதுன்னு பாறையில போட்டிருக்கியே, அதைப் போய் நக்கேன்!”

“அண்ணே, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, குட்டிங்களை மட்டும் காப்பாத்துங்க!”

பன்றிக்கு மனசு இளகிவிட்டது. “களிமண்ணைப் பார்த்து நின்னுடாதே, உடைச்சு இன்னும் ஒரு முழம் போன்னு நான்தானே எழுதினேன்” என்று சொல்லிக்கொண்டே கோரைப்பல்லைக் கொடுத்து ஒரு முட்டு முட்டினார். களிமண் பிளந்தது. குபுக்கென்று தண்ணீர் வந்தது! துடியன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வந்து முதலில் சின்னதுக்குக் குடிக்கக் கொடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் காடே வந்து அங்கே தாகம் தீர்த்துக்கொண்டது.

மறுநாள் துடியன் தன் நாற்பது வரியையும் வாலாலேயே துடைத்து, தடங்களையும் சுரண்டி எடுத்தான். மூலையில் பழைய வரியை அப்படியே எழுதினான். மூன்று தடங்களுக்கும் பின்னால் தன் தடத்தைச் சின்னதாக ஒன்று வைத்தான். கரடி மாமாவும் வந்து தலையைச் சொறிந்தார். “தடத்தை எண்ணிப் பரிசு வெச்சேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!”

அடுத்த கூட்டத்தில் அவர் தேனடையை நடுவில் வைத்து, எல்லாரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். துடியன் மட்டும் கையை நீட்டவில்லை.

“என்னடா, தேன் வேண்டாமா?”

“வேணும் மாமா! முதல்ல ஊத்துல தண்ணி இருக்கான்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்!”

பலர் கூடிச் சேர்த்த அறிவை அழித்துத் தன் பெயரைப் பெருக்கப் பார்ப்பவன், கடைசியில் தன் தாகத்துக்கே வழியை அடைத்துக்கொள்வான்.